ஆரோக்கியசெல்வியின் தரப்பு

ஆரணி,
4 செப்டம்பர் 2023

செல்விக்கு,

போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. எடுக்க மாட்டாய் என்று தெரிந்துதான் அடித்தேன். நாளைக்கு எவரும் ‘ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே’ என்று என்னைச் சொல்லிவிடக் கூடாது. நலம் விசாரிக்கிற வழக்கம் நமக்குள் நின்று பல வருடம் ஆகிவிட்டதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நான் அஞ்சல் வழியில் எம்.ஏ. படிக்கிறேன். அறுபத்தெட்டு வயதில் எதற்கு என்று உன் மகள் லிடியா சிரிப்பாள். சிரிக்கட்டும். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். தறியில் உட்கார்ந்துகொண்டே பத்தாவது, பன்னிரண்டாவது, பி.ஏ. என்று ஒவ்வொன்றாக எழுதி எடுத்தேன். எந்த வாத்தியாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை. இதையும் அப்படியே எடுப்பேன்.

இந்த வருடம் ‘சொல்வன்மைக் கோட்பாடுகள்’ என்று ஒரு தாள். நெசவாளர் சங்க மேடையில் முப்பது வருடம் பேசியவனுக்கு இதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன். அதில் வார்ன்ஹோல்ட் என்று ஒரு வெளிநாட்டு அம்மாள் வருகிறாள். அவள் எழுதுகிற வாக்கியம் ஒரு பக்கத்தில் தொடங்கி அடுத்த பக்கத்தில்தான் மூச்சு விடுகிறது. தமிழில் கொடுத்திருப்பது அதைவிட மோசம். மொழிபெயர்த்தவருக்குப் புரியவில்லை என்பது மட்டும் எனக்கு நன்றாகப் புரிகிறது. அகராதியோடு இங்கிலீஷிலேயே மல்லுக்கட்டுகிறேன். ஒரு இடம் இப்படிப் போகிறது: “கேட்பவர் பேச்சுக்கு முன்னால் இல்லை. பேச்சுதான் அவரை உண்டாக்குகிறது. அப்படி உண்டாக்கப்பட்டவர் எழுந்து ‘அது நானில்லை’ என்று சொல்லும்போதே வாதம் தொடங்குகிறது.” என் எதிரே ஆயிரம் பேர் நின்றிருக்கிறார்கள். நான் வாய் திறக்கும் முன்பே அவர்கள் அங்கே வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். இவள் என்னதான் சொல்கிறாள்?

அவளை வைத்து ஒரு பயிற்சி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நம் வாழ்க்கையில் நடந்த ஒரு சண்டையை எடுத்து, எதிராளியின் தரப்பை அவரே பேசுவதுபோல் எழுத வேண்டும். எதிராளி படித்துவிட்டு ‘இது என் தரப்புதான்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் நம் பதில் வாதம். கையெழுத்து இல்லாத தாளைத் திருத்த மாட்டார்கள். எனக்குப் பெரிய சண்டை என்று இருப்பது உன்னோடுதான். உன் தரப்பை எழுதி இதோடு வைத்திருக்கிறேன்:

“2011இல் கூலி உயர்வு கேட்டு ஊரே தறியை நிறுத்தியிருந்தது. எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பிள்ளை பசியால் அழுதாள். மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் நான் தறியில் உட்கார்ந்தேன். சங்கச் செயலாளரான என் அண்ணன் அதை அறிந்து, மேடையில் என் பெயரைச் சொல்லித் துரோகி என்றார்.”

இரக்கத்தோடுதான் எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. ஸ்டாம்பு ஒட்டிய கவரும் உள்ளே இருக்கிறது.

பெரியநாயகம்


போளூர்,
17 செப்டம்பர் 2023

அண்ணனுக்கு,

கையெழுத்துப் போடவில்லை. தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்த வருடம் வெம்பாக்கத்திலிருந்து என் மைத்துனர் வீட்டு அரிசி மூட்டை மூட்டையாக வந்து கூடத்தில் கிடந்தது. முள்ளிப்பட்டில் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலைக்கு நான்தான் படி படியாக அளந்து கொடுத்தேன். அவள் இருக்கிறாள், கேட்டுப் பாருங்கள். லிடியாவுக்கு அப்போது பதினாறு வயது. பசிக்கு அழுகிற வயதா அது? நீங்கள் எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். “மாமா எதுனா சினிமா பாத்துகினே எழுதியிருப்பாரும்மா” என்றாள்.

துரோகி என்றீர்கள். அதைத் தாங்கிக்கொண்டேன். துரோகிக்காவது சொந்தமாக ஒரு முடிவு இருக்கும். இப்போது என்னைச் சோற்றுக்கு இல்லாமல் வாக்குத் தவறியவளாக ஆக்கி, அதற்கு இரக்கம் வேறு படுகிறீர்கள். அந்த இரக்கத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரோக்கியசெல்வி


ஆரணி,
6 அக்டோபர் 2023

செல்விக்கு,

கூடப் பிறந்தவனுக்கு ‘நீங்கள்’ போட்டு எழுதியிருக்கிறாய். தாலுகா ஆபீசுக்கு மனு எழுதுவதுபோல் இருக்கிறது. எழுது. நானும் பெறுநர் மாதிரியே பதில் எழுதுகிறேன்.

போன ஞாயிறு வேலூரில் நேர்முக வகுப்பு. பாடம் எடுக்கிற ஜாய்ஸுக்கு உன் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். உன் தரப்பை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, “ஐயா, நீங்க அவங்களுக்காகப் பேசியிருக்கீங்க. அவங்க பேசல” என்றாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். வார்ன்ஹோல்ட் அம்மாளின் மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். அதைப் படித்துப் படித்துப் புத்தகமே அந்த இடத்தில் தானாகத் திறக்கிறது என்றேன்.

பக்கத்தில் கோபிநாத் என்று ஒரு பையன், பேங்கில் வேலை. “பேஜார் எதுக்கு பெரியவரே? நீங்களே சைன் போட்டுகினு போங்க. நாங்கல்லாம் அப்டித்தான். எங்க மாமியாருக்கு நானே போட்டுட்டேன்” என்றான். “நான் இருபத்தஞ்சு வருஷம் சங்கத்துக்கு செயலாளரா இருந்தவன். எவன் கையெழுத்தையும் போட்டதில்ல. உன் மாமியாருக்கு நான் சொல்லிவிடட்டுமா?” என்றேன். நோட்டைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான்.

பசி இல்லை என்கிறாய். சரி. அப்படியானால் காரணம் ஒன்றுதான். மாற்றி எழுதியிருக்கிறேன்:

“நிறுத்தம் நீண்டுகொண்டே போனதில் என் கணவர் ஜான் பயந்துவிட்டார். முதலாளி வேறு ஆளுக்கு வேலையைக் கொடுத்துவிடுவார் என்று சொல்லி என்னைத் தறியில் உட்காரச் சொன்னார். புருஷன் சொல்லைத் தட்ட முடியாமல் உட்கார்ந்தேன்.”

இதில் நீ மறுக்க ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். மாப்பிள்ளை பயந்த சுபாவம் என்பது ஊருக்கே தெரியும்.

பெரியநாயகம்


போளூர்,
25 அக்டோபர் 2023

அண்ணனுக்கு,

இறந்தவர் வந்து ‘அது நானில்லை’ என்று சொல்ல முடியாது என்ற தைரியத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்காக நான் சொல்கிறேன்.

என்னைத் தறியில் உட்காரச் சொன்னவர் அவர் இல்லை. உட்கார வேண்டாம் என்று கெஞ்சியவர். “வேணா செல்வி, உங்கண்ணன் சும்மா வுட மாட்டாரு. ஓட்டித்தான் ஆவணும்னா ஜன்னலையாவது சாத்திகினு ஓட்டு” என்றார். நான் சாத்தவில்லை. தெருக்கதவையும் சேர்த்துத் திறந்து வைத்தேன். மறுநாள் மேடையில் நீங்கள், “ஊரு முழுக்க தறிச் சத்தம் இல்ல, என் கூடப் பொறந்தவ வூட்டுல மட்டும் திருட்டுத்தனமா ஓடுது, இந்தக் காதால கேட்டேன்” என்று முழங்கினீர்கள். உங்கள் காதின் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. கேட்கட்டும் என்றுதான் நான் ஓட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரியும். நிறுத்தம் முடிந்து எல்லோர் வீட்டிலும் தறி ஓடியது. எங்கள் தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் தீர்ந்தபோது, புதுப் பாவைப் பழைய நுனியோடு இழை இழையாகப் பிணைத்துக் கொடுக்க முள்ளிப்பட்டில் ஒருத்தரும் எங்கள் வாசற்படி ஏறவில்லை. காலையில் வருகிறேன் என்று சொன்னவர்களும் வரவில்லை. பிணைக்காத பாவை வைத்துக்கொண்டு என்ன நெய்வது? அதனால்தான் போளூர் வந்தோம். அவரை அடக்கம் செய்த அன்று நீங்கள் கல்லறைச் சுவரோரம் நின்றுவிட்டுப் போனதைப் பார்த்தேன். உள்ளே வந்திருந்தால் நான் ஒன்றும் துரத்தியிருக்க மாட்டேன்.

ஒன்று கேட்கிறேன். நிறுத்தம் வேண்டுமா வேண்டாமா என்று மண்டபத்தில் கூடிய அன்று கை எண்ணியவர் நீங்கள். நான் எங்கே இருந்தேன்? என்ன செய்தேன்? அது தெரியாமல் என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள்.

ஆரோக்கியசெல்வி


ஆரணி,
19 நவம்பர் 2023

செல்விக்கு,

முள்ளிப்பட்டுக்குப் போனேன். உன்னிடம் கேட்டு எழுதினால் அது பரீட்சையில் பார்த்து எழுதுவது மாதிரி. அதனால் பாஞ்சாலையிடம் கேட்டேன். அவள் தறியில் இருந்தாள். எழுந்திருக்கவில்லை, மிதிகட்டையை மிதித்தபடியே பேசினாள்.

“இப்பத்தான் கேக்கத் தோணிச்சா? பொம்பளைங்க எல்லாம் பின்னாடி சுவரோரம் ஒக்காந்துகினு இருந்தோம். ‘வேணாங்கறவங்க கை தூக்குங்க’ன்னீங்க. செல்வி அக்கா எழுந்து நின்னு தூக்குச்சு. நீங்க எண்ணிகினே வந்தீங்க. அக்கா வரைக்கும் வந்து தாண்டிகினு போய்ட்டீங்க.”

“ஜான் அதுக்கு முன்னாடியே வேணும்னு தூக்கிட்டாரு. ஒரு தறிக்கு ஒரு கை. அதான் சட்டம்.”

“அட, தறியில ஒக்காந்தது அக்கா, கை மட்டும் அவரோடதா? நல்லாக்கீது உங்க சட்டம்.”

“நான் அவளப் பாத்தேனா?”

“பாத்தீங்க. பாத்துட்டுத்தான் அடுத்த ஆளுக்குப் போனீங்க. அக்கா ரொம்ப நேரம் கையை எறக்கல.”

பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் இது உன் தரப்பு என்பதால் பார்த்ததாகவே எழுதியிருக்கிறேன்:

“நான் நெசவுக்காரி. முள்ளிப்பட்டு வீட்டுத் தறியில் உட்கார்ந்து நெய்தவள் நான். சங்க அட்டையில் இருந்த பெயர் என் கணவருடையது. நிறுத்தத்துக்காகக் கூடிய அன்று அவர் வேண்டும் என்று கை தூக்கினார். நான் வேண்டாம் என்று தூக்கினேன். எண்ணியவர் என் அண்ணன். என் கையைப் பார்த்தார், எண்ணாமல் தாண்டினார். நான் கொடுக்காத வாக்கை நான் மீறவில்லை. அதனால் எதையும் மறைக்கவில்லை. கதவைத் திறந்து வைத்து நெய்தேன்.”

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் வார்ன்ஹோல்ட் அம்மாளின் அந்த வாக்கியத்தை மறுபடி எடுத்தேன். புரிந்தது. நான் மேடையில் நின்று ஒருத்தியை உண்டாக்கினேன். பிறகு கடிதத்தில் இரண்டு பேரை உண்டாக்கினேன், பசியால் ஒருத்தி, பயத்தால் ஒருத்தி. நீ ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று அது நானில்லை என்றாய். இவ்வளவுதான் விஷயம். இதை அந்த அம்மாள் நேராகச் சொல்லித் தொலைத்திருந்தால் என் கண்ணாடிப் பவர் ஏறியிருக்காது.

இதனால் என் கருத்து மாறிவிட்டது என்று நினைக்காதே. ஒரு தறிக்கு ஒரு கை என்ற விதியை எழுதியவன் நான். இரண்டு கை உள்ள வீட்டுக்கு இரண்டு ஓட்டு என்றால் ஆள் குறைந்த வீடு என்ன செய்யும்? நிறுத்தத்தை உடைத்தது உடைத்ததுதான். என் பதில் வாதத்தில் அதை விளக்கமாக எழுதுவேன்.

பெரியநாயகம்


போளூர்,
4 டிசம்பர் 2023

அண்ணனுக்கு,

இதுதான்.

ஒரு வரி குறைகிறது. கடைசியில் சேருங்கள்: “என் கையை எண்ணி, அதன் பிறகு நான் தோற்றிருந்தால், மறுநாள் என் தறியையும் நிறுத்தியிருப்பேன்.” ஏன் வேண்டாம் என்றேன் என்பதை நீங்கள் எழுதவில்லை, நல்லது. அது சரியோ தப்போ, இப்போது அதுவல்ல என் தரப்பு.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முதலில், இதை நீங்கள் சங்கத்தின் பொதுக்குழுவில் மைக்கில் படிக்க வேண்டும். என் பெயரை அங்கேதான் சொன்னீர்கள். வேலூரில் நாலு மாணவர்கள் படிப்பதற்காக நான் என் தரப்பைச் சொல்லவில்லை.

ஆரோக்கியசெல்வி


ஆரணி,
8 ஜனவரி 2024

செல்விக்கு,

வரி சேர்த்துவிட்டேன். நிபந்தனை முடியாது.

பொதுக்குழு பிப்ரவரி பதினெட்டு. தாள் கொடுக்கக் கடைசி நாள் ஜனவரி முப்பத்தொன்று. அது ஒரு பக்கம் இருக்கட்டும். மேடையில் சொன்னதை மேடையில் திருப்பி வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. அப்படி வாங்கியிருந்தால் இந்த ஊரில் கூலி ஒரு பைசா ஏறியிருக்காது. சரியாக எழுதியிருக்கிறேன் என்று நீயே சொல்லிவிட்டாய். சரியென்றால் கையெழுத்துப் போடுவதுதான் நியாயம்.

பெரியநாயகம்


போளூர்,
17 ஜனவரி 2024

திருப்பி வாங்கச் சொல்லவில்லை. படிக்கச் சொன்னேன்.

ஆரோக்கியசெல்வி


ஆரணி,
20 பிப்ரவரி 2024

செல்விக்கு,

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் உன் தரப்பைப் படித்தேன். வேறு யாராவது கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்வதற்கு முன் நடந்ததை நானே எழுதுகிறேன்.

வரவு செலவு படித்து முடித்ததும் மேடை ஏறினேன். இப்போது செயலாளராக இருக்கிற அன்பழகன் ஓடி வந்தான். “ஐயா, அஜெண்டாவுல உங்க பேரு இல்லியே.”

“நீ சங்கத்துல சேரும்போது அஜெண்டாவே நான்தான். ஒக்காரு.”

உட்கார்ந்தான். உன் பெயரைச் சொன்னதும் மண்டபத்தில் சலசலப்பு. பார்த்திபன் பின்னாலிருந்து கத்தினான். “இன்னா பெருசு, பழைய துரோகத்தைக் கழுவ வந்துகீறியா? தங்கச்சி பாசமா?”

“துரோகம்தான்டா. இன்னிக்கும் அப்டித்தான் சொல்றேன். ஆனா அவ இன்னா சொல்றான்றத நீயும் கேக்கல, நானும் கேக்கல. இப்ப கேளு. அப்பறம் கத்து.”

படித்தேன். முப்பது வருடம் பேசிய மேடை அது. என் சொந்தப் பேச்சு எதையும் அங்கே தாள் பார்த்துப் படித்ததில்லை. மற்றவர் பேச்சைத் தூக்கிக்கொண்டு நிற்பது வேறு மாதிரி இருக்கிறது. “என் கையைப் பார்த்தார், எண்ணாமல் தாண்டினார்” என்ற இடத்தில் நிறுத்திக் கூட்டத்தைப் பார்த்தேன். பேச்சாளனுக்கு அந்த இடத்தில் நிறுத்தத் தோன்றும். யாரும் கை தட்டவில்லை. கைதட்டலுக்காக எழுதியது இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. பிறகு நிறுத்தாமல் படித்தேன்.

முடித்துவிட்டுச் சொன்னேன்: “இது ஆரோக்கியசெல்வியின் தரப்பு. நான் இதை ஏற்கவில்லை. நிறுத்தத்தை உடைத்தது தப்பு. ஆனால் அவள் கையை ஏன் எண்ணவில்லை என்று கேட்டால், விதி என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. விதியை எழுதியவனே நான் என்பதால் அது பதில் ஆகாது.”

இறங்கினேன். பெண்கள் பக்கத்திலிருந்து சசிகலா என்று ஒருத்தி எழுந்தாள். “இனிமேட்டு எண்ணுவீங்களா?” என்று அன்பழகனைக் கேட்டாள். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றான். “அடுத்த கூட்டம் எதுக்கு? நாங்க எல்லாம் இப்ப இங்கதான ஒக்காந்துகினு இருக்கோம்?” என்றாள். அதிலிருந்து ஆரம்பித்த சத்தம் நான் கிளம்பும்போதும் ஓயவில்லை. சண்டை போடட்டும். விதியை மாற்றினால் எதிர்த்துப் பேச நான் இருக்கிறேன்.

தாளை மறுபடி வைத்திருக்கிறேன்.

பெரியநாயகம்


போளூர்,
2 மார்ச் 2024

அண்ணா,

நீ எழுதுவதற்கு முன்பே பாஞ்சாலை வீடியோவை லிடியாவுக்கு அனுப்பிவிட்டாள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். மைக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு பேசுகிற பழக்கத்தை நீ இன்னும் விடவில்லை.

ஏற்கவில்லை என்று நீ சொன்னபோது லிடியாவுக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. ஏற்கிறேன் என்று சொல்லியிருந்தால் யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறாய் என்று நினைத்திருப்பேன்.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முழுப் பெயரும் போட்டு, பக்கத்தில் ‘நெசவாளி’ என்றும் எழுதியிருக்கிறேன். அது உன் பல்கலைக்கழகத்துக்கு ஆகாதென்றால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

ஒன்று மட்டும் புரியவில்லை. தாள் கொடுக்கும் கெடு ஜனவரியோடு முடிந்துவிட்டதே. அதற்குப் பிறகு எதற்குப் படித்தாய்?

செல்வி


ஆரணி,
11 மார்ச் 2024

செல்விக்கு,

கெடு தாளுக்குத்தான். உன் தரப்பை வாங்கி வைத்துக்கொண்டு, தாள் போய்விட்டது, இனி எனக்கென்ன என்று இருந்தால் கோபிநாத்துக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஜாய்ஸிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். “தேதி போட்டது நாங்கதானே ஐயா, நான் பேசிப் பாக்கறேன், வாங்கிப்பாங்க” என்றாள். வேண்டாம் என்றேன். சந்தாவை நாள் கடந்து கொண்டுவந்தவனுக்குச் சங்கத்தில் நான் எந்த நாளும் தளர்த்தியதில்லை. எனக்கு மட்டும் ஏன்? இந்தப் பருவம் போயிற்று. அடுத்த வருடம் முதலிலிருந்து எழுதுவேன். இந்த வருடப் பட்டமளிப்பில் நான் இருக்க மாட்டேன், அவ்வளவுதான். வார்ன்ஹோல்ட் அம்மாளின் ஐந்தாம் அத்தியாயம் இன்னும் பிடிபடவில்லை, அதற்கும் ஒரு வருடம் தேவை. அதில் அவள் சொல்வது ஏதோ ஒரு இடத்தில் தப்பு என்று சந்தேகப்படுகிறேன். கண்டுபிடித்துவிட்டு அவளுக்கே எழுதலாம் என்றால் இறந்துவிட்டாளாம். இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

உன் தாளை யாருக்கும் கொடுக்கவில்லை. என் பதில் வாதத்தையும் எழுதி முடித்து அதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். நன்றாகவே வந்திருக்கிறது. உன் கையை ஏன் எண்ணவில்லை என்ற அந்த ஒரு இடத்தில் மட்டும் வெற்றிடம் விட்டிருக்கிறேன்.

ஒரு வேலை சொல்கிறேன். நீ என் தரப்பை எழுது. மூன்று வாரமாக ஊரே தறியை நிறுத்திக்கொண்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சொந்தத் தங்கச்சி வீட்டில் கதவைத் திறந்து வைத்துத் தறி ஓட்டினால், அவள் பெயரை ஒருவன் மேடையில் ஏன் சொல்கிறான்? அவன் பேசுவதுபோலவே எழுத வேண்டும். இரக்கம் கூடாது. கர்வம், பிடிவாதம் என்றெல்லாம் எழுதி அனுப்பினால் மறு தபாலில் திரும்பி வரும். லிடியாவைக் கேட்டு எழுதாதே.

அவசரம் இல்லை. நானே மூன்று முறை எழுதினேன், உனக்கு நாலைந்து முறையாவது ஆகும். சுலபத்தில் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை நான்.

அண்ணன்
பெரியநாயகம்